பருத்தி மட்டும் எடுக்கும் பேய்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொல்பவர்கள் மன்னார்ப் பக்கம் வந்து பாராதவர்கள். எங்கள் பேய்களுக்கு உச்சி வெயில்தான் நேரம். நிழல் காலுக்குள் சுருண்டுவிடும். நாய் குரைக்கவும் சோம்பும். சோளகக் காற்று மட்டும் புழுதியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் தனியாக நடக்கும். அப்படி ஒரு உச்சிப் பொழுதில் பேயைக் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, ஊரைக் கூட்டிச் சாட்சி சொன்னவன் நான். பிள்ளைகளே, அந்தப் பேயால் ஊருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. சாட்சியால்தான் வந்தது.

மீள்குடியேறிய புதிது. இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, மேசன் வேலை பழகி, என் அம்மாவோடும் தங்கச்சி வதனியோடும் நானாட்டான் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். ஊர் என்றால் தகரக் கொட்டில்கள், தறப்பாள் சுவர்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் "என்ன தடிமனோ?" என்று கேட்பார்கள். மறைவு என்று ஒன்று எங்குமே இல்லை. (இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. மண்டை முழுக்கச் சீமெந்து.)

கொட்டில்களுக்கு அப்பால் கல்வீடு என்று மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. செல்லம் மாமியின் வீடு. கூரை போய்விட்டது. சுவர்கள் மட்டும் நின்றன, உடம்பெல்லாம் சன்னம் துளைத்த ஓட்டைகளோடு. சோளகம் வீசும்போது அந்த ஓட்டைகளால் ஒரு சத்தம் வரும். விசில் என்றும் சொல்ல முடியாது, அழுகை என்றும் சொல்ல முடியாது. பல்லில்லாத ஒருவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட முயல்வதுபோல இருக்கும். மிதிவெடி அகற்றியவர்கள் அந்த வளவைச் சோதித்து முடித்து, பயமில்லை என்பதற்கு வெள்ளைக் கல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளைக் கல் மிதிவெடிக்குத்தான் பதில் சொல்லும். மாமிக்குச் சொல்லாது.

மாமி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. கடைசி இடம்பெயர்வில் ஊரோடு சேர்ந்து நடந்தவராம். ஒரு திருப்பத்தில் நின்று, "கதவைப் பூட்டினனோ தெரியேல்ல, பாத்திட்டு வாறன்" என்று திரும்பினவராம். அதோடு சரி. பிறகு ஊர் திரும்பி வந்தது. மாமி வரவில்லை. கதவும் இல்லை.

சின்ன வயதில் ஊரைவிட்டுப் போன எனக்கு மாமியின் முகம் ஞாபகமில்லை. குரல் மட்டும் இருந்தது. அவர் முற்றத்துக் கொய்யாவில் நாங்கள் ஏறினால் உள்ளேயிருந்து வரும்: "ஆரடா அது கொய்யாவில?"

இந்த நேரத்தில்தான் ஊரில் துணிகள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் அம்மாவின் பழைய சேலை ஒன்று. பிறகு பூசாரியாரின் வெள்ளை வேட்டி. பிறகு என் சாரம். முகாமில் லுங்கி என்பார்கள்; அங்கிருந்து கொண்டுவந்த நீலக் கட்டம் போட்ட சாரம். அதைக் கட்டினால்தான் நான் ஒரு ஆள் மாதிரித் தெரிவேன் என்று எனக்கொரு எண்ணம். கொடியில் காயப்போட்டேன், காணவில்லை. பக்கத்திலேயே நைலெக்ஸ் சேலை ஒன்று தொங்கியது. அதை யாரும் தொடவில்லை. விசாரித்தால் எல்லா வீட்டிலும் அதே கதை. போனதெல்லாம் பருத்தி.

வதனிக்கும் அப்போது சுகமில்லை. பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி, பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை வந்துகொண்டிருந்தது. மாதத்தில் சில நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடப்பாள். முகம் சாம்பலாகிவிடும். அம்மா வேப்பிலையால் தடவி, "காத்துக் கருப்புப் பட்டிட்டுது" என்பார். நான் தலையாட்டுவேன்.

முன்பள்ளிக் கொட்டிலில் கிழமைக்கு ஒரு பின்னேரம் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. குடும்பநல மாது நடத்தினார். ஊரில் எல்லாருக்கும் அவர் 'மிஸ்ஸி'. கூட உதவிக்கு முன்பள்ளி ரீச்சர், என் வயதுப் பெண். உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள் என்று ஆண்கள் கேட்பதில்லை, பிள்ளைகள் சொல்வதுமில்லை. சுகாதாரம் என்றார்கள். பல்லுத் தீட்டுவதைப் பற்றியாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை. உச்சிப் பொழுது. மாமியின் கொய்யா பழுத்துக் கிடந்தது. மீசை வைத்த ஆம்பிளை கொய்யாக் களவுக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். போனேன். மரத்தில் ஏறி ஒரு பழத்தைக் கடித்தபோது வீட்டுக்குள்ளே யாரோ கதைப்பது கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம். பெண்குரல்கள். மெதுவாக.

"மாமி வந்திட்டாவோடி?"

"முந்தநாள் வந்தவ. இன்னும் போகேல்ல."

கடித்த பழம் வாயிலேயே நின்றது.

"எனக்கு ரெண்டு மாசமா வரேல்ல. மிஸ்ஸிட்டக் கேட்டனான். முதல் முதல் அப்பிடித்தானாம். நினைச்ச நேரம் வருவாவாம், நினைச்ச நேரம் நிப்பாவாம்."

"வதனிக்கு வந்தா ஆளையே விழுத்திப்போடுவா."

பிறகு என் தங்கச்சியின் குரல்: "சிரிக்காதேங்கோடி. சோதனை நேரம் மாமி வந்தா நான் என்னண்டு எழுதுறது? அண்ணாவுக்கு மட்டும் தெரியப்படாது."

காற்று நின்றுவிட்டது. சுவரின் ஓட்டைகள் எல்லாம் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அப்போது சுவருக்கு மேலே வெள்ளையாக ஒன்று மெல்ல எழும்பியது. எழும்பி, ஊதி, ஒரு ஆள் அளவுக்கு வந்து என் பக்கம் சாய்ந்தது. அதன் பின்னால் விரிந்த தலைமயிர். முகம் இல்லை.

"ஆரடா அது கொய்யாவில?"

நான் இறங்கவில்லை. விழுந்தேன். விழுந்த இடத்தில் ஊர்க் கழுதை ஒன்று நிழலுக்குப் படுத்திருந்தது. அது ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓட, யார் கத்தியது என்று இன்றுவரை தெரியாது. கழுதைதான் என்று நான் சொல்லி வருகிறேன்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் ஊர் கூடியது. நான் சொன்னேன். சொல்லச் சொல்ல மாமி வளர்ந்தார். முதலில் ஆள் உயரம், பிறகு பனை உயரம். பூசாரியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"காணாமல் போனது முழுக்கப் பருத்தியோ?"

"ஓம்."

"செல்லம் பருத்தியைத் தவிர வேறை உடுத்து நான் காணேல்ல" என்றார்.

தாய்மார் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். நானும் ஒரு அடி பூசாரியார் பக்கம் நகர்ந்தேன். (சாட்சியே பயந்தால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்?) வீடில்லாமல், உடுப்பில்லாமல், எங்கோ ஒரு திருப்பத்தில் நின்றவர், பிள்ளைகளைத் தேடி வருகிறார். அன்றே ஒவ்வொரு வீட்டிலும் பெண்பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். வகுப்பு நின்றது. அம்மா வதனியின் தலையணைக்குக் கீழே பூட்டுத் திறக்கிற இரும்புத் திறப்பு ஒன்றை வைத்து, கையில் நூல் கட்டி, பள்ளிக்கூடச் சட்டையைப் பெட்டிக்குள் போட்டார்.

"சோதனையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பிள்ளை உயிரோட இருந்தாக் காணும்."

வதனி என்னிடம் வந்தாள். "அண்ணா, அது பேயில்ல."

"அப்ப என்ன?"

வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடினாள். கண் நிறைந்து வழிந்தது, சொல் வரவில்லை. நான் அம்மாவிடம் போய், "பாத்தீங்களோ, நாக்கைக் கட்டி வச்சிருக்கிறா" என்றேன்.

மிஸ்ஸி சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார். அம்மா அவரை உள்ளே விடவில்லை.

"நீங்கள் படிப்பிச்ச பிறகுதான் பெட்டையள் செத்தவவோட கதைக்கினம்."

"ஆர் செத்தவ?" மிஸ்ஸிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"செல்லம் மாமி. வந்தவவாம், போகேல்லயாம். இவன் தன்ர காதால கேட்டவன்."

மிஸ்ஸி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். சைக்கிளைத் திருப்பி, முன்பள்ளிப் பக்கம் வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.

மறுநாள் உச்சிப் பொழுதில் கழிப்பு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கெட்டது பிடித்த இடத்தில் நீற்றுப்பூசணியும் தேசிக்காயும் வெட்டி அதை விரட்டும் சடங்கு. பூசாரியார் முன்னால் விபூதித் தட்டோடு போக, கண்ட சாட்சி என்று நான் பூசணிக்காயைச் சுமந்துகொண்டு பின்னால். அதற்குப் பின்னால் ஊர். வீடு நெருங்க நெருங்க அந்தச் சத்தம் கூடியது. ஓட்டை ஓட்டையாகக் கூப்பிட்டது. பூசாரியாரின் மந்திரம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

வாசலில், கதவு இருந்த இடத்தில், கை இரண்டையும் விரித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். தலைமயிர் விரிந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"உள்ளுக்குப் போகாதேங்கோ."

முன்பள்ளி ரீச்சர்.

"ரீச்சரையும் பிடிச்சிட்டுது" என்றேன் நான்.

"அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், ஆம்பிளையள் வராதேங்கோ. அம்மாமார் மட்டும் வாங்கோ" என்றாள். (என்னை அண்ணை என்றுதான் கூப்பிட்டாள். சாட்சிகள் இருக்கிறார்கள்.) அதற்குள் பூசாரியார் ஒரு கை விபூதியை அள்ளி அவள் முகத்தில் எறிந்துவிட்டார்.

ரீச்சர் தும்மினாள். ஒன்றல்ல. தொடர்ந்து, வளவே அதிர, சுவரிலிருந்த காகம் எழும்பிப் பறக்க. அந்தத் தும்மலை உங்களுக்குத் தெரியும். இன்றும் மிளகாய் வறுத்தால் நம் வீட்டுத் தகரம் கிடுகிடுக்கிறது. ஓம், உங்கள் அம்மாதான்.

பேய் தும்மாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எனக்கு வீரம் வந்துவிட்டது. அவள் தும்முகிற இடைவெளியில் பூசணிக்காயோடு உள்ளே பாய்ந்தேன். ஊரும் பின்னால் வந்தது.

முன்னறை வெறுமை. அடுத்ததும் வெறுமை. பின்னறையில் ஒரு வெள்ளைச் சேலை திரைபோலக் கட்டியிருந்தது. காற்றில் ஊதி, சாய்ந்து, சுவருக்கு மேலே எழும்பியது. நான் கண்ட மாமி. அதை விலக்கினேன்.

கூரையில்லாத அறை. மேலேயிருந்து வெயில் நேராக இறங்கியது. குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கயிறு முழுக்கத் துணித்துண்டுகள், ஒரே அளவில் வெட்டி, தைத்து, தோய்த்து, அழகாக விரித்துக் காயப்போட்டிருந்தது. வெள்ளை வேட்டித் துண்டுகள். சேலைத் துண்டுகள். நடுவில், நீலக் கட்டம்.

பெண்களுக்கு விளங்கிவிட்டது. பெரிய ஆண்களுக்கும் விளங்கிவிட்டது. தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவனுக்குத்தான் விளங்கவில்லை. அவன் உரத்த குரலில் சொன்னான்:

"அது என்ர சாரம்."

"அந்த நீலம். கட்டம் போட்டது. பாருங்கோ, கரையும் என்ர கரைதான்" என்று விளக்கமும் சொன்னேன். அப்போது வாசலில் வதனியைக் கண்டேன். பின்னால் ஓடி வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, பிள்ளைகளே, சீமெந்து உடைந்தது. மாமி வந்தது, போகாதது, ஆளை விழுத்தியது எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. கையிலிருந்த பூசணிக்காய் தானாகவே நிலத்தில் விழுந்து சிதறியது. கழிப்பு நிறைவேறியது.

பூசாரியார் தன் வேட்டியை அடையாளம் கண்டிருக்க வேண்டும். அவருக்கும் பெண்பிள்ளைகள். "இஞ்ச பேய் ஒண்டும் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஆண்கள் எல்லாரும் அவர் பின்னால். நான் போக மறந்து நின்றேன்.

உங்கள் அம்மா திரைக்குப் பக்கத்தில் நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மாமாரிடம் சொன்னாள்: "மிஸ்ஸி வெயில்ல காய விடச் சொன்னவ. ஈரத்தோட கட்டினா புண் வரும், வருத்தம் வரும் எண்டவ. வீட்டில எங்க காயவிடுறது? தறப்பாளுக்குக் கீழ ஒளிச்சு வச்சால் காயாது. கொடியில போட்டால் ஊர் பாக்கும். கூரையில்லாத வீடு இது ஒண்டுதான். உள்ளுக்கு வெயில் வரும், வெளியில சுவர் நிக்கும். அந்தச் சொல்லைச் சொல்ல இவையளுக்கு வெக்கம். மாமி வீட்டில காயிறதால மாமி வந்திட்டா எண்டு சொல்லிக்கொள்ளுறவை. துணி எடுத்தது பிழைதான். கேட்டிருந்தால் என்னத்துக்கெண்டு சொல்லோணுமெல்லோ."

என் அம்மா கயிற்றடிக்குப் போனார். ஒரு துண்டைக் கையில் எடுத்தார். மொறமொறவென்று காய்ந்திருந்தது. அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"முகாமில நான் பாய்க்குக் கீழதான் காயவிட்டனான்" என்றார். யாருக்கு என்றில்லை. "ஒரு நாளும் காய்ஞ்சதில்ல. அத்தினை வருசமும் ஈரம்தான். காய்ச்சலும் நோவும். ஆரிட்டச் சொல்லுறது?"

மற்ற அம்மாமார் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லாரும் கயிற்றைப் பார்த்தார்கள். காற்று அந்த ஓட்டைகளால் மெல்லக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அம்மா துண்டைத் திரும்பக் கயிற்றில் விரித்தார். வதனியின் கையைப் பிடித்து, தான் கட்டிய நூலைத் தானே அறுத்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் போ. அதுக்கு முதல் நானும் நீயும் மிஸ்ஸியோட கிளினிக்குக்குப் போறம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ மேசன்தானே?"

"ஓம் அம்மா."

"அப்ப என்னத்துக்கு நிக்கிறாய்? கல்லைக் கொண்டா."

அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. கதவுக்கு நிலை வைத்தேன், தோய்க்கத் தொட்டி கட்டினேன், மலசலகூடம் கட்டினேன். உள்ளேயிருந்து பூட்டுகிற கதவு எங்கள் ஊரில் முதலில் வந்தது அங்கேதான். கூரை மட்டும் போடவில்லை. ஒவ்வொரு நாளும் முன்பள்ளி முடிய உங்கள் அம்மா வேலையைப் பார்க்க வருவாள். "அண்ணை, சுவர் சரிவா இருக்கு" என்பாள். சரிவாக இல்லை. ஆனாலும் இடித்துக் கட்டுவேன். கட்டி முடிக்கும்போது அண்ணை நின்றுவிட்டது.

பிறகு பெரிய வாகனத்தில் ஒரு நிறுவனம் வந்தது. பதாகை கட்டி, பெட்டி பெட்டியாக நப்கின் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனது. பெட்டி முடிந்தது. பதாகையைக் கழற்றி யாரோ ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே போட்டார்கள். மாமி வளவு மட்டும் நின்றது. தாய்மார் முறை வைத்துக் கூட்டினார்கள், தண்ணீர் நிரப்பினார்கள், பருத்தி கேட்ட பிள்ளைக்குப் பருத்தி கொடுத்தார்கள். வகுப்பும் அங்கேயே போனது. மிஸ்ஸி மாறிப்போய் வேறு மிஸ்ஸி வந்தும் நிற்கவில்லை. இப்போது பெடியன்களுக்கும் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். அந்த வகுப்பைத் தொடங்கிவைப்பது நான். "அது என்ர சாரம்" என்ற இடத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். மிச்சத்தை மிஸ்ஸி பார்த்துக்கொள்வார்.

வதனி சோதனை எழுதினாள். மாமி அன்று வந்திருந்தாராம். மிஸ்ஸி சொன்ன நோவுக் குளிசையைப் போட்டுக்கொண்டு எழுதினாள். இன்று அரசாங்கக் கந்தோரில் வேலை; அப்பாவின் தங்கச்சி என்ற முறையில் உங்களுக்கு அவள்தான் மாமி.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு இன்னும் தீரவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு ஒருநாள் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்: "அண்டைக்கு, ஆரடா அது கொய்யாவில எண்டு நல்லாத்தான் வெருட்டினீர்."

"நானோ? நான் ஒண்டும் கேக்கேல்லயே. மரத்தில இருந்து ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத்தான் நாங்களே பயந்தது."

வதனியைக் கேட்டேன். மற்றப் பிள்ளைகளையும் கேட்டேன். அந்தக் குரல் அவர்களில் யாருடையதும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரில் அந்தக் கொய்யாவில் கை வைக்கும் யாரும், "மாமி, ஒண்டு எடுக்கிறன்" என்று கேட்டுவிட்டுத்தான் பிடுங்குவார்கள். நான் கேட்டும் பிடுங்குவதில்லை.

மற்றது உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டில் எது தொலைந்தாலும், திறப்போ கண்ணாடியோ, "மாமி கொண்டு போட்டா" என்பீர்கள். போன மாதம் மூத்தவள் வாசலில் நின்று, "அப்பா, மாமி வந்திட்டா" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், கடைக்காரர் பேப்பரில் சுற்றப் போக, "சுத்த வேண்டாம், தாங்கோ" என்று நப்கின் பக்கெற்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க வீட்டுக்கு வந்தேன்.

கதிரையில் வதனி இருந்தாள், பயணப் பையோடு.

நீங்கள் மூன்று பேரும் உங்கள் அம்மாவும் உருண்டு உருண்டு சிரித்தீர்கள். வதனி சிரிக்கவில்லை. பக்கெற்றை வாங்கி மேசையில் வைத்தாள்.

"வரேக்க மாமி வளவால வந்தனான் அண்ணா. கொய்யா நல்லாப் பழுத்துக் கிடக்கு. ரெண்டு பிடுங்கினன்."

"கேட்டிட்டுத்தானே பிடுங்கினனீ?"

"ஒண்டுக்குத்தான் கேட்டனான்" என்றாள். பைக்குள் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வெயில் பட்ட சூடு அதில் இன்னும் இருந்தது.

"மற்றதுக்கு மாமியே, கொண்ணனுக்கும் ஒண்டு கொண்டு போ எண்டவ."